தகடும் தொப்பியும்

சமையலறையில் ஸ்டீல் தட்டு கை தவறி விழுந்தால் வீடே அதிரும். விளிம்பில் ஒரு விரலை வைத்துப் பாருங்கள், சட்டென்று அடங்கிவிடும். பழைய வேனின் இரைச்சலை அடக்கும் வித்தையும் அந்த விரல்நுனியில்தான் தொடங்குகிறது.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ஒரு பழைய ஆம்னி வேனில் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1984இல் வந்து, 2019இல் உற்பத்தி நின்ற வண்டி. 796 சிசி எஞ்சின் முன் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. டயரின் ரப்பர்க் கட்டைகள் சாலையில் மோதுகின்றன. அவற்றின் இடுக்கில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறுகிறது. இந்த அதிர்வெல்லாம் ஸ்பிரிங் வழியாக ஏறி, மெல்லிய இரும்புத் தகட்டை முரசாக்கிவிடுகிறது.

முரசை அடக்கும் கலை நமக்குப் புதிதல்ல. மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன் தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலின் நடுவில் குழைத்த ரவையை அப்புகிறார். எடை ஏறியதும் தோலின் ஒலி கனத்து, சுருதி இறங்குகிறது. வலப்பக்கமான வலந்தலையில் இருக்கும் கரணை என்ற கரும்பூச்சு எப்படித் தோலின் அதிர்வுகளை இசைக்கு ஒழுங்குபடுத்துகிறது என்பதை சி.வி.ராமன் ஆராய்ந்து, 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

வேன் தகட்டின் உட்புறம் ஒட்டும் பியூட்டைல் ரப்பர் ஷீட்டும் அந்த ரவையின் உறவுதான். எடையைக் கூட்டுவதோடு, அதிர்வின் ஆற்றலைத் தனக்குள் வாங்கிச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகிறது. தகடு முழுவதையும் மூட வேண்டாம். அதிகம் அதிரும் நடுப்பகுதியே போதும். எஞ்சின் பக்கம் மட்டும் வெப்பம் தாங்கும் ஷீட்டாக இருக்கட்டும்.

அடுத்து இடுக்கு. கதவின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், கதவு எவ்வளவு கனமானாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்காது. அந்த ஒரு பங்கு வழியாகவே ஒலி நுழைந்துவிடும். அதனால் கதவைச் சுற்றி வெடித்துப்போன பீடிங் ரப்பரை மாற்றுவதே முதல் செலவாக இருக்க வேண்டும். கடைசியாகத் தரைக்குக் கனமான மேட்: ஒரு தடுப்பின் எடை இரட்டித்தால் அதைக் கடந்து வரும் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும்.

ஷீட்டை எங்கே ஒட்டுவது? காதே சொல்லிவிடும். விரல் முட்டியால் தகட்டைத் தட்டுங்கள். 'டங்' என்று நீண்டு ஒலித்தால் அங்கே ஒட்டுங்கள். மறுபடி தட்டும்போது தொப்பியைப் போல 'தொம்' என்று அடங்கினால், அந்த இடம் இனி உங்களோடு பேசாது; பக்கத்தில் இருப்பவரோடு நீங்கள் பேசலாம்.