துண்டுத்துணி வாங்க ஊர் ஊராகப் போகும் பெண்கள்



ஜாக்கெட் தைத்து மீந்த துண்டுத்துணியை நாம் என்ன செய்கிறோம்? கரித்துணி ஆக்குவோம், மிதியடி தைப்போம், இல்லேன்னா தலையணைக்குள்ளே திணிப்போம். அமெரிக்காவில் சின்னத் துண்டுத் துணி வாங்குவதற்கென்றே நாலைந்து தோழிகள் சேர்ந்து காரில் கிளம்பி, ஊர் ஊராகப் போகிறார்கள். "இதுக்கு ஒரு டூரா?" என்று சிரிக்க வேண்டாம். இந்தப் பயணத்தை நம்பிப் பல சின்ன ஊர்களில் கடைகள் நடக்கின்றன. அதில் நமக்கும் பாடம் இருக்கிறது.

ஒட்டுப்போர்வை என்றால் என்ன?

அங்கே இதைக் 'குவில்ட்' என்கிறார்கள். மூன்று அடுக்குள்ள போர்வை. மேலே, துண்டுகளைச் சதுரம், முக்கோணம் என்று வெட்டி இணைத்த துணி. நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. அடியில் ஒரே துணி. மூன்றும் நகராதபடி மேலிருந்து கீழ்வரை தையல் ஓடும். ஒரு காலத்தில் குளிருக்கு வேண்டிப் பழைய துணியில் தைத்தது, இன்று பலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்குப் பிழைப்பு.

கடைகள் கூட்டுச் சேர்ந்தால்...

ஒரு வட்டாரத்தில் உள்ள எட்டுப் பத்துத் துணிக்கடைகள் பேசி வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட சில நாட்களை அறிவிக்கும். இதற்கு 'ஷாப் ஹாப்' என்று பெயர். வருகிறவர் கையில் ஒரு சின்ன அட்டை. ஒவ்வொரு கடையிலும் அதில் ஒரு முத்திரை குத்துவார்கள். பல இடங்களில் போர்வையின் ஒரு சதுரத்துக்கான மாதிரியும் இலவசம். எல்லாக் கடைக்கும் போனால்தான் முழுப் போர்வைக்கும் மாதிரி சேரும். எல்லா முத்திரையும் வாங்கியவர் பெயர் குலுக்கலுக்குப் போகும். பரிசு தையல் மெஷினாகக்கூட இருக்கும்.

இதில் சூட்சுமம் என்ன? ஒரே ஒரு கடைக்காக யாரும் நூறு கிலோமீட்டர் வரமாட்டாங்க. பத்துக் கடை என்றால் வருவாங்க. போட்டியாக இருக்க வேண்டிய கடைகள் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்புகின்றன. வந்தவர்கள் சாப்பிடுவார்கள், தங்குவார்கள். அந்தப் பணமும் ஊருக்குத்தான்.

துணியை வெட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. கால் கஜம் கேட்டால் 9 அங்குல அகலத்தில் நீளப் பட்டையாகத்தான் கிடைக்கும். அதில் பெரிய சதுரம் வெட்ட முடியாது. அதனால் அரைக் கஜம் வெட்டி, அதை நடுவில் இரண்டாக்கி விற்கிறார்கள். இப்போது துண்டு 18க்கு 22 அங்குலம். துணியின் அளவு அதேதான், ஆனால் உபயோகம் அதிகம். விலையும் கைக்கு அடக்கம். வந்தவர் வெறுங்கையோடு போகமாட்டார்.

வழியில் பார்க்க என்ன இருக்கு?

ஒஹாயோ மாநிலத்தின் ஆடம்ஸ் கவுண்டியில் டோனா சூ குரோவ்ஸ் என்ற பெண், போர்வை தைக்கும் தன் தாயைப் பெருமைப்படுத்த நினைத்தார். 2001-ல் போர்வைச் சதுரங்களைப் பெரிய மரப்பலகையில் வண்ணம் தீட்டி, களஞ்சியச் சுவர்களில் மாட்டும் வேலை தொடங்கியது. ஒன்றைப் பார்த்து அடுத்ததைத் தேடிப் போகும்படி அது ஒரு பாதையே ஆனது. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

கென்டக்கியில் பதூக்கா என்ற ஊரில் 1991-ல் ஒட்டுப்போர்வைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்த ஊரின் போர்வைக் கண்காட்சிக்குப் பல ஆயிரம் பேர் வருகிறார்கள். 2013-ல் யுனெஸ்கோ அந்த ஊரைக் கைவினை நகரமாக அங்கீகரித்தது.

மிசௌரியில் ஹாமில்டன் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 2008-ல் ஜென்னி டோன் குடும்பம் அங்கே தையல் கடை தொடங்கியது. ஜென்னி தையல் கற்றுக்கொடுக்கும் வீடியோக்களை இலவசமாகப் போட்டார். பார்த்தவர்கள் நேரில் வந்தார்கள். ஒரு கடை பல கடைகளாகி, ஊரின் கடைத்தெருவுக்கே உயிர் வந்தது.

தைத்தவருக்கு என்ன கிடைத்தது?

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தினர் வாழும் கறுப்பின மக்களின் ஊர். வேலைக்குப் போட்டுக் கிழிந்த பேன்ட், சட்டையை வெட்டி அந்தப் பெண்கள் போர்வை தைத்தார்கள். 1962-ல், ஓட்டுரிமை கேட்டு அவர்கள் கிளம்பிய காலத்தில், ஆற்றைக் கடக்கும் படகை நிறுத்திவிட்டார்கள். எதிர்க்கரையில் இருக்கும் ஊருக்குச் சாலையில் ஒரு மணி நேரம் சுற்ற வேண்டியதாயிற்று. அந்தப் படகு திரும்ப ஓடியது 2006-ல்தான்!

1966-ல் அந்த ஊரும் அக்கம்பக்கத்து ஊர்களும் சேர்ந்து 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். நம்ம குழு மாதிரியே வைத்துக்கொள்ளுங்களேன். 1972-ல் சியர்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்கும் ஆர்டர் கிடைத்தது. கையில் சொந்தச் சம்பாத்தியம் வந்தது. அந்தக் கூட்டுறவு 2012-ல் மூடப்பட்டது.

இதற்கிடையே 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் கண்காட்சியில் வைக்கப்பட்டன. நாடே பாராட்டியது. 2006-ல் தபால்தலையும் வந்தது. ஆனால் 'பெயர் எங்களுக்கு, பணம் யாருக்கு?' என்ற கேள்வி எழுந்தது. 2007-ல் மூன்று பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அடுத்த வருடம் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

2021-ல் தொண்டு அமைப்புகளின் உதவியோடு, அந்தப் பெண்கள் தங்கள் பெயரிலேயே இணையக் கடைகள் திறந்தார்கள். விலையை அவர்களே வைக்கிறார்கள். 2022 முதல் அக்டோபரில் ஊரிலேயே திருவிழா நடக்கிறது. கொடியிலும் வேலியிலும் போர்வைகளைத் தொங்கவிடுகிறார்கள். வெளியூர் ஆட்கள் தைத்தவரிடமே பேசி வாங்குகிறார்கள்.

ஊருக்கு ஆள் வந்தால் மட்டும் போதாது. வந்தவர் கொடுக்கும் காசு, தைத்த கைக்கு வந்து சேர வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் பொருளைத் தனித்தனியாக விற்கிறோமா, பக்கத்துக் குழுக்களோடு சேர்ந்து ஒரே நாளில் விற்க முடியுமா?

2. நம்மிடம் வருகிறவர் குறைந்த பணத்தில் வாங்கும்படி சின்னப் பொருள் ஏதாவது வைத்திருக்கிறோமா?

3. தைத்தவர் பெயர் பொருளில் இருக்கிறதா? விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்கு உங்க குழுவில் என்ன பதில் வந்தது என்று தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வையுங்க.