வன்னியிற் சேதனப் பால்: சில பிரச்சினைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் நாட்டுப் பசுக்கள் பெரும்பாலும் காட்டோரத்திலும் குளக்கரையிலும் மேய்ந்து வாழ்வன. ஆதலின் அவற்றின் பால் இயல்பாகவே சேதனப் பால் என்பாருளர். இக்கூற்றை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

பாலின் சேதனத் தன்மையைப் பசுவைக் காட்டிலும் அது மேயும் நிலமே தீர்மானிக்கிறது. காலபோக அறுவடைக்குப் பின் மாடுகள் இறங்குவது அரிதாள் நிற்கும் வயல்களில். கோடையில் அவற்றைக் காப்பது வைக்கோல். இரண்டும் யூரியாவும் களைநாசினியும் கண்ட நெல்லின் மிச்சங்களே. பட்டிக்காரர் தம்மளவில் எவ்வளவு கவனமாயிருப்பினும், அயலவர் வயலை அவர் என் செய்வார்? ஐரோப்பிய ஒன்றிய விதிகள் மேய்ச்சல் நிலத்திற்கு 2 ஆண்டும் கறவைப் பசுவிற்கு 6 மாதமும் மாற்றக்காலம் விதிக்கின்றன. வேலியிட்ட சொந்தப் புல்வெளியுடையார்க்கு இது இயலும். பொதுத் தரவையை நம்பியிருப்போர்க்கு இயலுமா?

2021 மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. உழவரின் எதிர்ப்புக்கிடையே நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. வயல்கள் ஆணையால் மாறுவனவல்ல என்பதை அவ்வாறு மாதங்களும் காட்டின.

இனி, விலை. சேகரிப்பு நிலையத்தில் எல்லார் பாலும் ஒரே குளிர்தாங்கியிற் கலக்கிறது. கொழுப்பையும் ஏனைய திண்மப் பொருளையும் அளந்தே பணம் தரப்படுகிறது. வயற்காரரோடு பேசி, மருந்தடியாத வைக்கோலைத் தேடி வாங்கியவர்க்கும் அதே விலைதான்.