ஏர் பிடிக்கப் பட்டம் எதற்கு?

விவசாயப் பட்டப்படிப்பின் வரவு-செலவுக் கணக்கு

"உழுகிறவன் பிள்ளைக்கு உழவு சொல்லிக் கொடுக்கக் கல்லூரி எதற்கு?"

"விவசாயம் படித்தவன் எவனாவது வயலில் இறங்குகிறானா? நாற்காலியில்தானே உட்காருகிறான்?"

கிராமத்துத் திண்ணைகளில் இன்றும் கேட்கும் கேள்விகள் இவை.

இரண்டும் நியாயமான கேள்விகளே! பிளஸ்-2 முடிந்த பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று தவிக்கும் பெற்றோர், இவற்றுக்கு விடை தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

நான்கு வருடம். கையிலிருக்கும் காசு. பிள்ளையின் எதிர்காலம். மூன்றும் இதில் அடங்கியிருக்கின்றன.

சைதாப்பேட்டையில் தொடங்கியது

தமிழ்நாட்டில் விவசாயப் படிப்பு நேற்று முளைத்தது அல்ல. 1868-ம் ஆண்டு சென்னை சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளி தொடங்கப்பட்டது.

1906-ல் அது கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. 1920-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1971-ல் அந்தக் கல்லூரியே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மதுரை, கிள்ளிகுளம், திருச்சி ஆகிய இடங்களிலும் அதற்குக் கல்லூரிகள் உண்டு.

இவை தவிர, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், தனியார் கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு இருக்கிறது.

என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பி.எஸ்சி. விவசாயம் நான்கு வருடப் படிப்பு. எட்டுப் பருவங்கள்.

பயிர் செய்யும் முறையைச் சொல்வது உழவியல். மண்ணின் குணத்தைச் சொல்வது மண்ணியல். பூச்சியைப் பற்றி ஒரு பாடம். பயிர் நோயைப் பற்றி ஒரு பாடம். புது ரகங்களை உண்டாக்கும் வித்தை ஒரு பாடம். காய்கறி, பழம், பூ சாகுபடி தனி. வரவு-செலவுக் கணக்கு பார்க்கும் பொருளாதாரமும் உண்டு.

புத்தகம் மட்டும் போதாது. மாணவர்கள் நிலத்தில் இறங்க வேண்டும். விதைப்பு முதல் அறுவடை வரை பயிர் வளர்த்துக் காட்ட வேண்டும்.

கடைசி வருடத்தில் கிராமத்துக்கே போய்த் தங்க வேண்டும். ஊர் மக்களை உட்கார வைத்து, தெருவிலே கோலமாவினால் ஊரின் வரைபடம் போடுவார்கள். கிணறு எங்கே, ஏரி எங்கே, எந்தப் பக்கம் எந்தப் பயிர் என்று ஊராரே சொல்வார்கள். அங்கே விவசாயிதான் வாத்தியார். மாணவன்தான் மாணவன்!

மஞ்சள் இலை சொல்லும் சேதி

அப்பனுக்குத் தெரியாத எதை மகன் கற்றுக்கொண்டு வருகிறான்? ஓர் உதாரணம் பார்க்கலாம்.

பயிர் மஞ்சளாகிவிட்டது. உடனே என்ன செய்கிறோம்? ஒரு மூட்டை யூரியா வாங்கிப் போடுகிறோம்.

படித்தவன் முதலில் எந்த இலை மஞ்சள் என்று பார்ப்பான்.

அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால், அது தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். அப்போது யூரியா கேட்கும்.

மேலே புதிதாக விட்ட குருத்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலைக்கு இது வரும். இதற்கு மூட்டை மூட்டையாக யூரியா போட்டாலும் பயன் இல்லை. அன்னபேதி உப்புக் கரைசல் தெளித்தால் பயிர் பச்சை கட்டும்.

இன்னோர் உதாரணம். நெல்லில் கதிர் வெளுத்து, பதராக நிற்கிறது. இதற்கு வெண்கதிர் என்று பெயர். குருத்துப்பூச்சியின் வேலை! புழு முன்பே தண்டைத் துளைத்து உள்ளே போய்விட்டது. இனி மருந்து அடித்தாலும் அந்தக் கதிரில் நெல் பிடிக்காது. தாய்ப்பூச்சி முட்டையிடும் காலத்திலேயே கவனித்திருக்க வேண்டும்.

மூட்டை யூரியாவும் மருந்துச் செலவும் மிச்சம் என்றால், அது ஏழை விவசாயிக்குப் பெரிய லாபம் அல்லவா? படிப்பின் பயன் அதுதான்.

ஆனால், ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த வயலில் எங்கே தண்ணீர் தேங்கும், எந்தக் காற்றுக்கு மழை வரும் என்று பாட்டனுக்கும் அப்பனுக்கும் தெரிந்ததை எந்தக் கல்லூரியும் சொல்லித் தராது. அதை வயலில்தான் கற்க வேண்டும்.

என்ன உத்தியோகம்?

சர்க்கார் தேர்வு எழுதி வேளாண்மை அலுவலர் ஆகலாம். வங்கிகளில் விவசாயக் கடன் பிரிவுக்கு அதிகாரியாகலாம். விதை, உரக் கம்பெனிகளில் வேலை உண்டு. மேலே படித்தால் ஆராய்ச்சியாளர், பேராசிரியர் ஆகலாம். இந்திய வனப்பணித் தேர்வு எழுதவும் இந்தப் பட்டம் தகுதி தரும்.

சொந்தத் தொழிலுக்கும் வழி இருக்கிறது. பட்டதாரிகள் ஊரிலேயே விவசாய ஆலோசனை நிலையம் நடத்துவதற்காக, 2002-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பயிற்சியும், கடனும், கடனில் ஒரு பகுதிக்கு மானியமும் அதில் உண்டு.

ஆனால், பட்டம் வாங்கிய எல்லோருக்கும் சர்க்கார் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இடங்கள் சில. போட்டியோ பலமாக இருக்கும்.

இரண்டு பட்டதாரிகள்

ஒரே படிப்பு, இரண்டு பேரை இரண்டு வழியில் நடத்தியது.

கும்பகோணத்தில் டாக்டர் மகனாகப் பிறந்தவர் எம்.எஸ்.சுவாமிநாதன். 1943-ம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் அவர் மனத்தை உலுக்கியது. மருத்துவத்தை விட்டுக் கோவை விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் போலீஸ் அதிகாரி உத்தியோகம் தேடி வந்தபோதும் அதை விட்டுவிட்டு, பயிர் ஆராய்ச்சிக்கே போனார். பசுமைப் புரட்சியின் முன்னோடியானார். 1987-ல் உலக உணவுப் பரிசு முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. 2023-ல் காலமான அவருக்கு, மறு ஆண்டு பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

மற்றவர் நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து விவசாயப் பட்டதாரி. கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் சர்க்கார் உத்தியோகம். அங்கே நடக்கும் ஆராய்ச்சி வானம் பார்த்த பூமியின் ஏழை விவசாயிக்கு உதவாது என்று கருதினார். வேலையை உதறினார்! 2013-ல் மறையும் வரை இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகச் சொல்லி வந்தார்.

இருவர் கொள்கையும் வேறு. ஆனால், இருவருமே நிலத்தை மறக்கவில்லை.

1 ஏக்கர் 85 சென்ட்

"அப்படியானால் எல்லோரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானே?" என்று கேட்கலாம்.

2015-16 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு விவசாயி ஒருவருக்குச் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர். அதாவது, 1 ஏக்கர் 85 சென்ட்தான்!

அதில் அப்பன் குடும்பமே சாப்பிட வேண்டும். பட்டம் பெற்ற மகனும் அதையே நம்பினால், இருவருக்கும் அரை வயிறுதான். ஆகவே வேலைக்குப் போகும் பட்டதாரியைப் பழிப்பது சரியல்ல. நிலமும் தண்ணீரும் உள்ள வீட்டுப் பிள்ளை திரும்பி வந்தால், அது வீட்டுக்கும் ஊருக்கும் நல்லது.

சேருமுன் கேளுங்கள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ்-2 மதிப்பெண்ணைக் கொண்டே இடம் கிடைக்கும். "நீட்" தேர்வு தேவையில்லை.

6-ம் வகுப்பு முதல் சர்க்கார் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு, 2021-ம் ஆண்டுச் சட்டப்படி விவசாயப் படிப்பிலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்பதாக அதே ஆண்டு அறிவித்தது. இதை அறியாமல் கடன் வாங்கிவிடக் கூடாது.

தனியார் கல்லூரி என்றால் இவற்றைக் கேளுங்கள்:

பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது? இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா? மேற்படிப்புக்குப் போகும்போது இது கேட்கப்படும்.

கல்லூரிக்குச் சொந்தப் பண்ணை எத்தனை ஏக்கர்? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? பண்ணை இல்லாத விவசாயக் கல்லூரி, கிணறு இல்லாத நீச்சல் பள்ளி!

முன்பு படித்துப் போனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

தீர்ப்பு என்ன?

குறைந்த செலவில் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால், பிள்ளைக்கும் மண்ணில் கால் வைக்க ஆசை இருந்தால், தாராளமாகச் சேர்க்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

டாக்டர் படிப்பு கிடைக்கவில்லையே என்று வேண்டா வெறுப்பாகச் சேர்த்தால், நான்கு வருடமும் சுமைதான்.

நிலத்தை விற்றுத்தான் விவசாயம் படிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், சற்று நில்லுங்கள். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் கதை அது. இரண்டு வருட விவசாய டிப்ளமோ இருக்கிறது. அதை முடித்தவர்களும் உதவி வேளாண்மை அலுவலர் பதவிக்குப் போட்டியிடலாம்.

அப்பனின் அனுபவத்தோடு மகனின், மகளின் படிப்பும் சேர்ந்தால்தான் பட்டத்துக்குப் பயன். அது கிடைக்குமா என்று பார்த்துச் சேருங்கள்!