முறுக்கு அச்சில் பிழியும் மின்சுற்று

மின்சுற்றுப் பலகையை இனி செயற்கை நுண்ணறிவே வரைந்துவிடும் என்று ஆளுக்கு ஆள் அறிவிக்கிறார்கள். வரையட்டும். வரைந்ததைத் தொழிற்சாலைக்கு அனுப்பும்போது பெரும்பாலும் பழைய ‘கெர்பர்’ கோப்பாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அதைத் திறந்து பார்த்த பொறியியல் மாணவர் ஒருவர் கேட்கிறார்: வட்டம், செவ்வகம், இரு முனையும் உருண்ட நீள்வடிவம், ஒழுங்குப் பலகோணம். அடிப்படை வடிவங்கள் இவ்வளவுதானா?

இவ்வளவுதான். வேறு வடிவம் தேவைப்பட்டால் அதை வரையறுக்கும் ‘மேக்ரோ’ என்ற குறிப்பை எழுதிக்கொள்ளலாம்.

வரலாறு சுருக்கமாக. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜோசப் கெர்பரின் நிறுவனம் ஒளியால் ஃபிலிமில் வரையும் இயந்திரங்களைச் செய்தது. விளக்கின் முன்னால் ஒரு சக்கரம், அதில் பல வடிவத் துளைகள். அந்த இயந்திரத்துக்கான கட்டளைகளே 1980இல் கெர்பர் கோப்பு வடிவமாயின. 1998இல் துளைகளின் விவரமும் கோப்புக்குள்ளேயே வந்தது. இன்று சக்கரம் போய் லேசர் வந்துவிட்டது. துளைகள் மட்டும் கோப்பில் தங்கிவிட்டன.

துளையைக் கொண்டு செய்யும் வேலை இரண்டு. ஓரிடத்தில் நிறுத்தி ஒளியை ஒருமுறை பாய்ச்சுவது டி03 என்ற கட்டளை. ஒளியை எரியவிட்டபடியே இழுத்துச் செல்வது டி01.

சுவாரசியம் இழுப்பதில் இருக்கிறது, முறுக்கு பிழிவதைப் போல. தேன்குழல் அச்சின் வட்டக் கண்ணை நேராக இழுத்தாலும் சுழற்றினாலும் தடிமன் மாறாது. ரிப்பன் பக்கோடா அச்சைக் கையைத் திருப்பாமல் இழுத்தால், கண்ணின் போக்கில் நூலாகவும் குறுக்கே பட்டையாகவும் விழும். 0.2 மி.மீ. சதுரத் துளையைக் கிடையாக இழுத்தால் தடத்தின் அகலம் 0.2. அதையே 45 பாகை சாய்வில் இழுத்தால் சுமார் 0.28. அடுத்த தடத்துக்கு விட்ட இடைவெளி அதற்கேற்பச் சுருங்கும். அதனால்தான் கோடு இழுக்க வட்டம் போதும், செவ்வகம் டி03க்கு மட்டும் இருக்கட்டும் என்ற நிலைக்குக் கெர்பர் விதிகள் வந்து சேர்ந்தன. வளைவுக்கும் வட்ட வில்தான். எழுத்துருக்களில் புழங்கும் பெசியர் வளைகோட்டுக்கு இங்கே இடமில்லை.

வடிவப் பட்டியல் சிறியதாக இருப்பது குறையல்ல. உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. சில மென்பொருள்கள், பாகங்களைப் பற்றவைக்கும் ‘பேட்’டை ஒரே டி03ஆகப் பதிக்காமல், மெல்லிய கோடுகளை அருகருகே இழுத்து நிரப்பிவிடுகின்றன. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தொழிற்சாலைக் கணினிக்கோ பேட் எங்கே, அதன் மையம் எது என்பதே தெரியாமல் போகும். மின்சோதனை ஊசி எங்கே தொட வேண்டும் என்பதை அந்த மையத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு டி03 வரியில் கிடைக்க வேண்டிய தகவலை யாரோ உட்கார்ந்து மீட்டெடுக்க வேண்டும்.

பலகை வரைந்தது மனிதரோ இயந்திரமோ, அனுப்புமுன் கோப்பை ஒருமுறை திறந்து, பேட்கள் டி03ஆக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.