திருப்பிச் செய்ய முடியாத மொய்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் கிளம்புகிறார்கள். நீண்ட வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு நாளில் ஏறக்குறைய 300 கி.மீ. மிதிக்க வேண்டும். 'பான்-மாஸ் சேலஞ்ச்' என்ற இந்தப் பயணத்தை 1980-இல் தொடங்கிய பில்லி ஸ்டார், 1974-இல் தாயை மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். முதல் ஆண்டு ஓட்டியவர்கள் 36 பேர், வசூல் 10,200 டாலர். 2024-க்குள் மொத்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அவ்வளவும் பாஸ்டனில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்கு. ஓட்டுபவர்களில் நூற்றுக்கணக்கானோர் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள். 'லிவிங் ப்ரூஃப்', உயிரோடு நிற்கும் சாட்சிகள், என்று அவர்களுக்குப் பெயர். கீமோவில் நாக்கில் ருசி செத்து, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கிய உடம்பை மறுபடி ஏன் இப்படி வாட்ட வேண்டும்? நன்றிக்காக என்பது வழக்கமான பதில். எனக்கு அது போதவில்லை. நன்றியை மருத்துவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமே. இது கடன், அதுவும் யாருக்குத் திருப்ப வேண்டும் என்றே தெரியாத கடன். மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் இருக்கும், அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்துவிடலாம். இங்கே மொய் வைத்தவர்களில் பலர் பிழைக்கவே இல்லை.

டானா-ஃபார்பரின் சொந்தக் கதையே இதற்குச் சான்று. 1947-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் நிபுணராக இருந்த சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த மருந்து கொடுத்தபோது நோய் இன்னும் வேகமெடுப்பதாகக் கண்டார். அப்படியானால் ஃபோலிக் அமிலத்தை மறித்தால்? மறிக்கும் பொருள் லெடர்லே ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். அமினோப்டெரின் என்ற அந்தப் பொருள் பார்வைக்கு ஃபோலிக் அமிலம் மாதிரியேதான். போலிச் சாவியைப் போல நொதியின் பூட்டுக்குள் நுழையும். திரும்பாது, எளிதில் வெளியேயும் வராது. டிஎன்ஏ செய்யக் கச்சாப்பொருள் இல்லாமல், வேகமாகப் பெருகும் செல்கள் முதலில் பட்டினி கிடக்கும். புற்றுச் செல் மட்டுமல்ல, வாயின் உள்தோலும் குடலும்கூட அப்படிப் பெருகுபவைதான். வாய்ப்புண் வருவது அதனால். 1948-இல் வெளியான கட்டுரையின்படி 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஆனால் அது தற்காலிகம். நோய் திரும்பி வந்தது. எந்த அளவு தாங்கும், எப்போது நிறுத்த வேண்டும், ஒரே மருந்து ஏன் போதாது என்பதையெல்லாம் மருத்துவம் இப்படிப்பட்ட குழந்தைகளிடம்தான் கற்றது. அதே ஆண்டு மே 22 அன்று 'ஜிம்மி' என்ற புனைபெயரில், புற்றுநோய் வந்த ஒரு சிறுவனின் குரல் வானொலியில் ஒலித்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 20,000 டாலர் சேர்ந்தால் அவனுக்கு ஒரு டிவி என்று சொல்லி நிதி கேட்டார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் குவிந்தது. இன்று வசதியான நாடுகளில், குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் ரத்தப் புற்றுநோய் வகையில் சுமார் 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள்.

சரி, பணம்தானே வேண்டும், காசோலை எழுதினால் போதாதா என்று கேட்கலாம். அறிவுக்கு ஒத்த கேள்விதான், ஆனால் மனித மனம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. கிறிஸ்டோஃபர் ஒலிவோலாவும் எல்டார் ஷஃபீரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சுகமான உல்லாச விருந்துக்குக் கொடுப்பதைவிட, உடம்பு நோக ஓடும் ஓட்டத்துக்குக் கூடுதலாக நன்கொடை தர மக்கள் தயாராக இருந்தார்கள். மனிதத் துயரைத் துடைக்கும் காரியம் என்றால் இந்த விளைவு இன்னும் வலுவாக இருந்தது. தீமிதியும் பால்குடமும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவா வேண்டும்? மேலும் காசோலை ஒருவருடைய பையிலிருந்து வருவது. ஓட்டுபவரோ சொந்தக்காரர், அலுவலக நண்பர், பழைய பள்ளித் தோழர் என்று அத்தனை பேரின் பையையும் திறக்க வைக்கிறார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், இது கடலில் கரைத்த பெருங்காயம் என்பது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி ஏறக்குறைய 700 கோடி டாலர். 2024-இல் சைக்கிள் திரட்டியது 7.5 கோடி. ஆனால் அரசு மானியம் கேட்டுப் போகும் இளம் விஞ்ஞானியிடம் முதற்கட்டத் தரவு எங்கே என்பார்கள். தரவுக்குப் பணம் வேண்டும், பணத்துக்குத் தரவு வேண்டும்: கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. அந்த முடிச்சை அவிழ்க்கச் சிறு தொகையே போதும், அது நிபந்தனை குறைந்த தொகையாக இருந்தால். இது வெறும் வீரக்கதையாகிவிடும் ஆபத்தும் உண்டு. 1996-இல் விரைப்புற்று நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய நிலையில் மீண்ட சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை உலகம் மன உறுதியின் சின்னமாக்கியது. உண்மையில் அந்தப் புற்றுநோயின் தலையெழுத்தை மாற்றியது சிஸ்பிளாட்டின். பாக்டீரியா மேல் மின்சாரம் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த பார்னெட் ரோசன்பெர்க், பிளாட்டின மின்முனையிலிருந்து கரைந்த பொருள்தான் அவை பிளவுபட்டுப் பெருகுவதைத் தடுக்கிறது என்று 1965-இல் எழுதினார். சிஸ்பிளாட்டின் அப்படித்தான் வந்தது. ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-இல் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் பறிபோயின. சிஸ்பிளாட்டினின் மதிப்பு ஒரு மில்லிகிராம்கூடக் குறையவில்லை. மன உறுதியால் பிழைத்தேன் என்று நம்புபவர் யாருக்கும் எதுவும் திருப்ப வேண்டியதில்லை. மருந்தால் பிழைத்தேன் என்று அறிந்தவருக்குத்தான் இந்தக் கடன் உறுத்தும்.

ஸ்டாரின் தாயைக் கொன்ற மெலனோமாவுக்கே வருவோம். உடலெங்கும் பரவிவிட்டால் பலருக்கு ஓராண்டுகூட மிஞ்சாத நோயாக இருந்தது அது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தடையை விலக்கும் ஐபிலிமுமாப் 2011-இல் அனுமதி பெற்றது. அதை நிவோலுமாப் மருந்தோடு சேர்த்துக் கொடுத்த முற்றிய நோயாளிகளில் 43 சதவீதம் பேர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்ததாக 2024-இல் முடிவு வெளியானது. நிவோலுமாப் வகை மருந்துகளுக்கு அடித்தளமான பிடி-எல்1 என்னும் புரதத்தின் கண்டுபிடிப்பில் டானா-ஃபார்பரின் கார்டன் ஃப்ரீமனுக்குப் பங்குண்டு. சைக்கிள் பணம்தான் அதைச் சாதித்தது என்று யாராலும் ரசீது காட்ட முடியாது. பல கைகள் ஊற்றிய தண்ணீர் ஒரே குடத்தில்தான் கலக்கிறது. 1974-க்கும் 2011-க்கும் நடுவே 37 ஆண்டுகள். முதல் ஆண்டு மிதித்த அந்த 36 பேருக்கு, தாங்கள் திரட்டிய டாலர் எந்த ஆய்வகத்துக்குப் போகும், எந்த நோயை எட்டும், யாரைப் பிழைக்க வைக்கும் என்று தெரிந்திருக்க வழியே இல்லை.