மடிக்கணினியில் இயக்க முறைமை இற்றைப்படுத்தல் தோல்வி

மடிக்கணினியில் இயக்க முறைமை இற்றைப்படுத்தல் தோல்வி என்பது, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க முறைமைகளுக்கு அவற்றை உருவாக்கியோர் வெளியிடும் திருத்தங்கள் முழுமையாக நிறுவப்படாமல் நின்றுவிடும் நிலையாகும். பேச்சு வழக்கில் இதை 'அப்டேட் ஆகவில்லை' என்பர். இது மூன்று வகையாகத் தோன்றும்: திருத்தம் பதிவிறங்காமல் போவது, நிறுவும்போது பாதியில் நின்று கணினி பழைய நிலைக்குத் திரும்புவது, மறுதொடக்கத்திற்குப் பின் கணினி இயங்க மறுப்பது. முதல் இரண்டிலும் பொதுவாகக் கோப்புகளுக்குச் சேதம் ஏதும் நேர்வதில்லை. மூன்றாவதிலும் பெரும்பாலும் அவை வன்தட்டில் அப்படியே இருக்கும். கோப்புகள் அழிவது பெரும்பாலும் தோல்வியால் அன்று. அதைச் சரிசெய்வதாக எண்ணி அவசரப்பட்டு 'பார்மட்' செய்வதாலேயே ஆகும்.

பின்னணி

தமிழ்நாட்டில் பல மாணவர் வீடுகளுக்கு முதல் கணினி வந்து சேர்ந்தது அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகத்தான். இத்திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கி வைத்தார். ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணியும் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வழங்குவதற்கான மடிக்கணினிகளைத் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்தது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் ஆகிய இரு இயக்க முறைமைகளும் ஒரே கணினியில் நிறுவப்பட்டிருந்தன. பாஸ் லினக்ஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயக்க முறைமை ஆகும்.

இத்தகைய பழைய கணினிகளில் இற்றைப்படுத்தல் தோல்வி அடிக்கடி நேர்வதற்கு நினைவகக் குறைவு, நிரம்பிய வன்தட்டு, தேய்ந்த மின்கலம், ஆதரவு முடிந்த இயக்க முறைமை ஆகியவை காரணங்களாகின்றன. புதிய கணினிகளிலும் தோல்வி நேர்வதுண்டு. அதைச் சரிசெய்யும் முறை இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே.

இற்றைப்படுத்தலின் தேவை

தோல்விக்கு அஞ்சி இற்றைப்படுத்தலையே நிறுத்தி வைப்பது தீர்வாகாது. விண்டோஸில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. அதே ஓட்டையின் வழியே 'வான்னாக்ரை' என்னும் பணம் பறிக்கும் நச்சுநிரல் 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்பது இதன் இயல்பு. திருத்தம் வெளிவந்து ஏறத்தாழ 2 மாதங்கள் ஆகியிருந்தும், அதை நிறுவாத கணினிகள் சிக்கிக்கொண்டன. திருத்தணியை அடுத்துள்ள சித்தூர் மாவட்டம் உட்பட ஆந்திரக் காவல்துறையின் சில பிரிவுகளிலும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவற்றிலும் இதன் பாதிப்பு காணப்பட்டது.

இற்றைப்படுத்தல் நடைபெறும் முறை

விண்டோஸில் இற்றைப்படுத்தல் நான்கு கட்டங்களில் நடைபெறுகிறது.

1. தேடல்: கணினி வழங்கியுடன் தொடர்புகொண்டு தனக்குரிய திருத்தங்களைப் பட்டியலிடுகிறது.
2. பதிவிறக்கம்: திருத்தக் கோப்புகள் ஒரு தற்காலிக உறையில் சேமிக்கப்படுகின்றன.
3. நிறுவல்: கோப்புகள் சரிபார்க்கப்பட்டு, மாற்றுவதற்கு ஆயத்தம் செய்யப்படுகின்றன.
4. மறுதொடக்கம்: இயங்கும்போது மாற்ற முடியாத முதன்மைக் கோப்புகள் கணினி அணைந்து எழும்போது மாற்றப்படுகின்றன.

எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்ப்பதே பழுதறிதலின் முதற்படி. முதல் இரண்டு கட்டங்களில் நின்றால் இணையம், தேதி, வட்டு இடம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். மூன்றாம் கட்டமானால் கணினிக் கோப்புகளின் சிதைவையும், நான்காம் கட்டமானால் வன்பொருள் இயக்கிகளையும் மின்சாரத்தையும் முதலில் ஐயுற வேண்டும். நான்காம் கட்டத்தில் தோல்வி ஏற்பட்டால், செய்த மாற்றங்களை நீக்குவதாக ஒரு செய்தி திரையில் தோன்றும். இது கணினி தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் செயல். அப்போது மின் பொத்தானை அழுத்தி அணைக்கக் கூடாது.

பழைய வன்தட்டு உள்ள கணினியில் இக்கட்டம் சில மணிநேரம்கூட நீளலாம். திரையில் விழுக்காடு மாறாவிட்டாலும், வன்தட்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

பொதுவான காரணங்கள்

இடமின்மை: விண்டோஸ் 10-இன் பெரிய பதிப்பு மாற்றத்திற்கு 64 பிட்டு கணினியில் குறைந்தது 20 ஜிபி காலியிடம் வேண்டும். வன்தட்டு பெரிதாக இருந்தாலும் அது பல பகிர்வுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் உள்ள சி பகிர்வில் இடம் இருக்கிறதா என்பதே முக்கியம்.

தவறான தேதி: கணினியின் தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். வழங்கியின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்குப் பொருந்தாததால் இணைப்பு மறுக்கப்படும். தேதியைத் திருத்தியவுடன் பல கணினிகளில் சிக்கல் தீர்ந்துவிடும். சிறு மின்கலத்தை மாற்றினால் மீண்டும் வராது.

மின்தடையும் வெப்பமும்: மின்கலம் தேய்ந்த மடிக்கணினி, மின்சாரம் போன அடுத்த நொடியே அணைந்துவிடும். கோடையில் 40 பாகை செல்சியசைக் கடக்கும் திருத்தணி போன்ற ஊர்களில், தூசி அடைத்த விசிறியுடன் மெத்தை மேல் வைக்கப்பட்ட கணினி சூடேறித் தானாகவே அணைவதும் உண்டு. இரண்டுமே நான்காம் கட்டத்தில் நேர்ந்தால் கணினிக் கோப்புகள் சிதையக்கூடும். மின்னேற்றியை இணைத்து, கடினமான பரப்பில் வைத்து, காலையிலோ இரவிலோ இற்றைப்படுத்துவது நல்லது.

இணையம்: கைப்பேசியின் வழியே இணையம் பெறும்போது அன்றைய தரவு அளவு தீர்ந்து பதிவிறக்கம் நின்றுபோகலாம். இணைப்பு 'அளவிடப்படும் இணைப்பு' எனக் குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பல திருத்தங்களைப் பதிவிறக்காமல் நிறுத்திவைக்கும்.

கோப்புகளைக் காத்தல்

பழுதுபார்க்கும் முன் பாடக் குறிப்புகள், செயல்திட்டங்கள், படங்கள், சான்றிதழ் நகல்கள் ஆகியவற்றைப் பென்டிரைவிலோ வேறு வன்தட்டிலோ படியெடுக்க வேண்டும். விண்டோஸ் இயங்காவிட்டாலும் இது பல சமயங்களில் முடியும். இரு இயக்க முறைமைகள் உள்ள கணினியில், தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியே விண்டோஸ் பகிர்வைத் திறந்து கோப்புகளைப் படியெடுக்கலாம். லினக்ஸ் இல்லையெனில், வேறொரு கணினியில் லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியை இயக்கலாம். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புத் திறவி தேவைப்படும். இன்றைய பல கணினிகளில் அது உரிமையாளரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

சரிசெய்யும் வரிசை

தீங்கற்ற செயலை முதலிலும், திரும்பப் பெற முடியாத செயலைக் கடைசியிலும் செய்வதே பொது விதி.

1. கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து மீண்டும் முயல வேண்டும்.
2. தேதி, இணையம், சி பகிர்வின் காலியிடம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். 'டிஸ்க் கிளீனப்' கருவி தேவையற்ற கோப்புகளை நீக்கும்.
3. பென்டிரைவ், அச்சுப்பொறி முதலிய வெளிக் கருவிகளைக் கழற்ற வேண்டும். வேறு நிறுவனத்தின் நச்சுநிரல் தடுப்பான் இருந்தால் தற்காலிகமாக நிறுத்தலாம்.
4. விண்டோஸ் அமைப்புகளில் உள்ள 'டிரபிள்ஷூட்' பகுதியில் விண்டோஸ் அப்டேட்டுக்குரிய பழுதுநீக்கியை இயக்க வேண்டும்.
5. விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்தி, 'சாப்ட்வேர் டிஸ்டிரிபியூஷன்' உறையின் பெயரை மாற்றி, சேவையை மீண்டும் தொடங்க வேண்டும். சிதைந்த பதிவிறக்கம் ஒதுக்கப்பட்டு, புதிய உறை தானாக உருவாகும்.
6. நிருவாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, முதலில் டிஐஎஸ்எம் கருவியையும் பின்னர் எஸ்எஃப்சி கருவியையும் இயக்க வேண்டும். முன்னது திருத்தங்களுக்கான மூலக் கோப்புகளையும், பின்னது கணினிக் கோப்புகளையும் சோதித்துச் சீராக்கும்.
7. மைக்ரோசாப்ட் வழங்கும் நிறுவல் கருவியைக் கொண்டு, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தெரிவுடன் அதே விண்டோஸை மேலெழுதி நிறுவலாம்.
8. இவை எதுவும் பயன் தராதபோது மட்டுமே, படியெடுத்த கோப்புகளைச் சரிபார்த்த பின் புதிதாக நிறுவ வேண்டும்.

கணினி இயங்கவே மறுத்தால், விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அடுத்தடுத்துத் தொடக்கம் தோல்வியுறும்போது மீட்புச் சூழல் தானாகத் திறக்கும். அங்கிருந்து கடைசியாக நிறுவிய திருத்தத்தை நீக்கலாம், தொடக்கப் பழுதை நீக்கலாம், அல்லது பாதுகாப்புப் பயன்முறையில் நுழையலாம். பெரிய பதிப்பு மாற்றத்திற்குப் பின் சிக்கல் எழுந்தால், 10 நாட்களுக்குள் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வசதியும் உண்டு.

பிழைக்குறியீடுகள்

தோல்வியின்போது தோன்றும் குறியீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் காரணத்தைக் கண்டறிவது எளிது. இவை '0எக்ஸ்' என்று தொடங்கும். அதன்பின் 80070070 என்று வந்தால் வட்டில் இடமில்லை. 80072எஃப்8எஃப் என்று வந்தால் தேதி, நேரத்தைச் சோதிக்க வேண்டும். 80073712 என்று வந்தால் திருத்தத்திற்கான மூலக் கோப்புகள் சிதைந்துள்ளன. சி1900101 என்று தொடங்கினால் வன்பொருள் இயக்கியில் சிக்கல் இருக்கக்கூடும்.

திருத்தமே பிழையாக அமைதல்

எல்லாத் தோல்விகளுக்கும் பயனரின் கணினி காரணமாக இருப்பதில்லை. 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தம், மீட்புப் பகிர்வில் போதிய இடமில்லாத கணினிகளில் 80070643 என்னும் பிழையுடன் திரும்பத் திரும்பத் தோல்வியுற்றது. 2024 ஆகஸ்டில் வந்த மற்றொரு திருத்தத்தால், விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து நிறுவப்பட்ட கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான இற்றை, உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய ஏறுகைச் சீட்டுகள் வழங்கப்பட்டன. அதற்கான தீர்வு, பாதுகாப்புப் பயன்முறையில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை நீக்குவதாக இருந்தது. எனவே, ஒரு திருத்தம் பலமுறை தோல்வியுற்றால் அது பலருக்கும் நேர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆதரவு முடிந்த இயக்க முறைமைகள்

விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. 2019-இல் மைக்ரோசாப்ட் தன் திருத்தங்களின் மின்னொப்ப முறையைப் புதிய ஷா-2 முறைக்கு மாற்றியது. இதனால், பழைய குறுவட்டிலிருந்து விண்டோஸ் 7-ஐப் புதிதாக நிறுவிய கணினி, புதிய ஒப்பத்தை அறியாததால் திருத்தங்களை ஏற்பதில்லை. பழைய கணினியைப் பார்மட் செய்த பின்னரும் அப்டேட் ஆகாததன் காரணம் இதுவே. அத்தகைய கணினியை மீண்டும் மீண்டும் பார்மட் செய்வதால் பயனில்லை. அதன் திறனுக்கேற்ற எடை குறைந்த லினக்ஸை நிறுவுவது பயன் தரும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிப்பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் தேவை என்பதால் பழைய மடிக்கணினிகள் பல அதற்குத் தகுதி பெறுவதில்லை.

லினக்ஸில் தோல்வி

பாஸ், உபுண்டு போன்ற டெபியன் வழி இயக்க முறைமைகளில் மென்பொருள்கள் தொகுப்புகளாக நிறுவப்படுகின்றன. நிறுவும்போது மின்சாரம் போனால் தொகுப்புகள் அரைகுறையாக நின்றுவிடும். டிபிகேஜி கருவியின் எஞ்சிய அமைவுகளை முடிக்கும் கட்டளையை முனையத்தில் இயக்கினால் விட்ட இடத்திலிருந்து பணி தொடரும். பதிவிறக்கமே நடைபெறாமல், கோப்பு இல்லை என்னும் 404 செய்தி வந்தால், அப்பதிப்பு பழையதாகிக் களஞ்சியம் இடம் மாறியிருக்கலாம். அப்போது புதிய பதிப்புக்கு மாறுவதே தக்க வழி.