எட்டுக்கால் பூச்சி மேல் விழுந்த பழி

குமுளிப் பக்கம் வீட்டு மூலையெல்லாம் ஒட்டடைதான். ஏலத்தோட்டத்து லயமானாலும் சரி, ரோட்டோரத்துக் காங்கிரீட் வீடானாலும் சரி, கட்டிலுக்கடியில் மயிரிழை போன்ற கால்களோடு ஒரு சிலந்தி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். விரலை நீட்டினால் கடிக்க வராது. உருவமே மங்கிப்போகும் வேகத்தில் உடம்பை ஆட்டும். எதிரியைக் குழப்பும் வித்தை அது.

இந்தச் சாதுவின் மேல் இரண்டு பழிகள். முதலாவது மேல்நாட்டுச் சரக்கு. உலகிலேயே கொடிய விஷம் இதற்குத்தானாம். பல் சிறியதாக இருப்பதால் நாம் பிழைத்தோமாம்! பிள்ளைகள் பள்ளியிலிருந்து கேட்டுவந்து சொல்கிறார்கள். இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 2004-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சிக்காரர் ஒருவர் தம் கையையே இதற்குக் கடிக்கக் கொடுத்தார். சில வினாடி லேசான எரிச்சல், அவ்வளவுதான்.

இரண்டாவது பழி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. காலையில் எழுந்ததும் கழுத்தில் கோடுபோல் கொப்புளம் கண்டால், "அக்கா, சிலந்தி ஒண்ணுக்குப் போயிருச்சு" என்பார்கள். கேரளத்துக்காரர்களும் 'சிலந்தி விஷம்' என்றே சொல்கிறார்கள். பத்தனம்திட்டை மாவட்டம் கொடுமண்ணில் இதற்கென்றே பேர்பெற்ற சிலந்தியம்பலம் இருக்கிறது. வேண்டிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. ஆனால் வைத்தியத்தை அதற்காகத் தள்ளிப்போடலாகாது.

சிலந்தியின் கழிவால் தோல் கொப்பளிப்பதில்லை. பெரும்பாலும் குற்றவாளி வேறு ஆள். மழைக்காலத்தில் விளக்கைத் தேடிவரும், கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த சிறு வண்டு ஒன்று உண்டு. அது கடிப்பதில்லை. தூக்கத்தில் நாம் தேய்த்து நசுக்கிவிட்டால் அதன் உடல்நீர் பட்ட இடம் ஓரிரு நாளில் வெந்ததுபோலாகிவிடும். உடனே சோப்புப் போட்டுக் கழுவுவது நல்லது.

இன்னொன்று அக்கி. சின்னம்மை வந்து போனவர்களின் நரம்பில் ஒளிந்திருக்கும் கிருமி, வயதான பின் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளமாய்க் கிளம்பும். வலி உயிரை வாங்கும். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் பார்வைக்கே ஆபத்து. அன்றே டாக்டரிடம் போகவேண்டும். "சிலந்திதானே" என்று காவி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று நாள் போயே போய்விடும். தோட்ட வேலைக்காரர்களுக்கு ஒரு நாள் கூலி போவது பெரிய விஷயம்தான், தெரியும். ஆனாலும் கண் முக்கியமில்லையா?

சிலந்தியோ தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் வலையில் பசை இல்லை. மாட்டிய பூச்சியின் மேல் பின்னங்கால்களால் நூலை வீசிச் சுற்றிவிடும். தாய் முட்டைகளை நூலால் உருண்டை கட்டி, குஞ்சு பொரியும்வரை வாயிலேயே கவ்விக்கொண்டு திரியும். நம் வீடுகளில் காணும் வகை டெங்கு கொசுவைத் தின்பதைத் தாய்லாந்தில் ஆராய்ந்து 1997-இல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இரண்டை விட்டுவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒட்டடைக் கம்பெடுக்கும் மாமியாரிடமிருந்து அவற்றைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.